ஊரோடு சேர்ந்து படிப்பது: எல்லையோரக் கல்லூரிகளுக்கான கேள்வி பதில்

கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, முதலமடை என்று கேரளத்தில் பாலக்காட்டின் கிழக்கு ஓரத்திலிருந்தும், இடுக்கி மலையிலுள்ள பீர்மேட்டுத் தோட்டப் பகுதியிலிருந்தும் வந்த கேள்விகள் இவை. சமூகப் பங்கேற்புக் கல்வியை ஒருங்கிணைத்து நடத்தும் கல்லூரி ஆசிரியை ஒருவர் பதில் சொல்கிறார்.

டீச்சர், நான் ஏற்கெனவே என்.எஸ்.எஸ்.ஸில் இருக்கேன். இப்போ பாடத்திலயும் ஊருக்குப் போகணும்ங்கறாங்க. ரெண்டும் ஒண்ணுதானே? (பி.ஏ. இரண்டாம் ஆண்டு, கொழிஞ்சாம்பாறை)

இல்லைம்மா. என்.எஸ்.எஸ். என்கிற நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல் தொடங்கியது. ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 மணி நேரம், ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது அதன் கணக்கு. அங்கே நீங்கள் தொண்டர். செய்த வேலைக்குச் சான்றிதழ் கிடைக்கும்.

பாடத்தோடு இணைந்த களப்பணியில் நீங்கள் மாணவி. ஊர் கேட்கும் ஒரு கேள்விக்கு உங்கள் பாட அறிவை வைத்து விடை தேட வேண்டும். தேடும்போது அந்தப் பாடத்தையும் ஆழமாகக் கற்க வேண்டும். பொருளாதார மாணவி சாக்கடையைத் தூர் வாரினால் அது நல்ல காரியம்தான், ஆனால் பொருளாதாரப் பாடம் அல்ல. அதே மாணவி குடும்பஶ்ரீ அயல்கூட்டத்தின் (பெண்கள் சுயஉதவிக் குழுவின்) கடன் பதிவேட்டை உறுப்பினர்களோடு உட்கார்ந்து பார்த்து, தவணை எந்த மாதங்களில் தவறுகிறது, ஏன் தவறுகிறது என்று கண்டால் அது பாடம். என்.எஸ்.எஸ். மணிகளை இங்கே மறுபடி காட்டாதீர்கள். ஒரே வேலைக்கு இரண்டு இடத்தில் மதிப்பெண் வாங்குவது முறையில்லை.

இரண்டு கிரெடிட் களப்பணிக்கு எத்தனை மணி நேரம் வரும்? எப்படிப் பிரிப்பது? (உதவிப் பேராசிரியர், சித்தூர்)

யு.ஜி.சி.யின் 2022 பாடத்திட்டக் கட்டமைப்பில் சமூகப் பங்கேற்புப் பணிக்கு வாரம் இரண்டு மணி என்றால் 15 வாரப் பருவத்தில் 30 மணி, அதுவே ஒரு கிரெடிட். ஆக, முழுக்கக் களமாகவே வைத்தால் இரண்டு கிரெடிட்டுக்கு 60 மணி. உங்கள் பல்கலைக்கழகம் இதில் ஒரு பகுதியை வகுப்பாக வைத்திருந்தால் கணக்கு மாறும். விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

60 மணியை இப்படிப் பிரித்தால் ஓடும்: தயாரிப்பு 8, ஊரோடு பேசிக் கேள்வியை முடிவு செய்ய 4, களவேலை 24, தகவலை ஒழுங்குபடுத்த 8, முடிவை ஊரில் சொல்ல 6, குறிப்பேடும் கலந்துரையாடலும் 10. பெரும்பாலும் தவறுவது கடைசி இரண்டும்தான். களவேலை இழுத்துக்கொண்டே போகும், தேர்வு வந்துவிடும், ஊர் காத்துக்கொண்டிருக்கும். அதனால் பருவத்தின் முதல் வாரத்திலேயே முடிவைச் சொல்லும் கூட்டத்துக்கு நாள் குறித்து, பஞ்சாயத்து வார்டு மெம்பரிடம் சொல்லிவிடுங்கள். நாள் குறித்துவிட்டால் மற்றவை அதற்கேற்ப அடங்கும்.

ஒரு குழுவுக்கு மூன்று பேர், ஒரு ஆசிரியருக்கு ஐந்து குழு. அதற்கு மேல் போனால் யார் எங்கே போனார்கள் என்றே தெரியாது.

நான் வார்டு மெம்பர். வருஷா வருஷம் ஏதாவது ஒரு காலேஜ்ல இருந்து ஃபாரத்தோட வர்றாங்க. வீட்டுல எத்தனை பேர், டாய்லெட் இருக்கா, ரேஷன் கார்டு என்ன கலர்னு கேக்கறாங்க. ஒண்ணும் திரும்பி வர்றதில்ல. எதுக்கு நாங்க பதில் சொல்லணும்?

சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை, மெம்பர். உங்கள் கோபம் நியாயமானது. இனி கல்லூரி வந்தால் மூன்று நிபந்தனை வையுங்கள்.

முதலாவது, கேள்வியை ஊர் தீர்மானிக்கும். குடும்பஶ்ரீ வார்டுக் குழு, ஆஷா பணியாளர், வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனையினர், உழவர் இருவர் என்று பத்துப் பேரோடு ஒரு மணி நேரம் உட்காரட்டும். ‘இந்த ஆண்டு எந்தத் தகவல் கையில் இருந்தால் உங்களுக்கு உதவும்?’ என்று கேட்கட்டும். பஞ்சாயத்திலும் அங்கன்வாடியிலும் ஏற்கெனவே உள்ள தகவலை மறுபடி வீடு வீடாகக் கேட்கவே கூடாது.

இரண்டாவது, ஒரு பக்க உடன்படிக்கை. என்ன செய்வோம், என்ன செய்ய மாட்டோம், தகவல் யாரிடம் இருக்கும், எந்தத் தேதியில் முடிவு வரும், பொறுப்பு யார் என்ற ஐந்து விவரம் போதும். ‘பணம், வீடு, வேலை வாங்கித் தர மாட்டோம்’ என்பதைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஃபாரம் நிரப்பினால் அரசின் லைஃப் வீட்டுத் திட்டத்தில் வீடு கிடைக்கும் என்று சனங்கள் நம்பிவிடுவார்கள்.

மூன்றாவது, முடிவு கிராமசபைக்கு வர வேண்டும். கேரளத்தில் கிராமசபை வார்டு அளவில் கூடுகிறது, வார்டு உறுப்பினரான நீங்களே அதன் கன்வீனர், வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கு வந்தால் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை. அடுத்த ஆண்டுத் திட்டத்துக்கான கிராமசபைக்கு முன்பே மாணவர் அறிக்கை வந்தால் அதிலிருந்து ஒரு திட்டத்தை முன்வைக்கலாம். பின்னால் வந்தால் ஒரு வருடம் வீண். இந்தக் காலக்கணக்கைப் பெரும்பாலான கல்லூரிகள் கவனிப்பதில்லை.

வேதியியல் மாணவர்கள் நாங்க. எங்க ஏரியாவுல போர் தண்ணியில ஃப்ளோரைடு இருக்குங்கறாங்க. ஊருக்கு டெஸ்ட் பண்ணிக் கொடுக்கலாமா? (எருத்தேம்பதி)

கட்டாயம் செய்யுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு அருகே மழை குறைந்த பகுதி இது. கடினப் பாறைக்குள் நீர் நீண்ட காலம் தங்கி, பாறையிலுள்ள ஃப்ளோரைடைக் கரைத்துக்கொள்கிறது. சுண்ணாம்புச் சத்துக் குறைந்து காரத்தன்மை கூடிய நீரில் அது இன்னும் கூடுதலாகத் தங்கும். அதனால்தான் திறந்த கிணற்றைவிட ஆழ்துளைக் கிணற்றில் அளவு பெரும்பாலும் அதிகம். குடிநீருக்கான இந்தியத் தரநிலையில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்க அளவு. வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை.

ஒரு பருவத்துக்கு ஒரு வார்டு, இருபது முதல் முப்பது நீர் ஆதாரங்கள் போதும். பொதுக் குழாய், பள்ளி, அங்கன்வாடி ஆகியவற்றை முதலில் எடுங்கள். அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயது, பாதிப்பு அங்கேதான் தொடங்கும்.

மாதிரி எடுக்க மூடியுள்ள பாலித்தீன் பாட்டில் வேண்டும். ஃப்ளோரைடு கண்ணாடியோடு வினைபுரியக்கூடியது என்பதால் கண்ணாடி வேண்டாம். கைப்பம்பானால் ஐந்து நிமிடம் அடித்து, தேங்கிய நீரை வெளியேற்றுங்கள். மோட்டாரானால் தொட்டியில் பிடிக்காமல் போரிலிருந்து வரும் குழாயிலேயே பிடியுங்கள். அதே நீரால் பாட்டிலை மூன்று முறை அலசி, அரை லிட்டர் நிரப்பி, எண், தேதி, நேரம், ஆழம், யார் யார் குடிக்கிறார்கள் என்பதை அங்கேயே எழுதுங்கள். மாலையில் நினைவிலிருந்து எழுதினால் எண்கள் கலந்துவிடும். இந்த வேலை கெடுவது முக்கால்வாசியும் சோதனையில் அல்ல, லேபிளில்.

களச் சோதனைப் பெட்டி நிறத்தை ஒப்பிட்டுத்தான் அளவு காட்டும். நிழலில், வெள்ளைத் தாளின் முன் பிடித்து, இருவர் தனித்தனியே பார்த்து எழுதுங்கள். இருவருக்கும் வேறுபட்டால் மறுபடி செய்யுங்கள். காலாவதியான கரைசல்தான் பெரிய ஏமாற்று. அதனால் ஒவ்வொரு நாளும் தொடங்கும் முன் காய்ச்சி வடித்த நீரையும், ஆய்வகத்தில் தயாரித்த, லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃப்ளோரைடு உள்ள கரைசலையும் சோதித்துப் பெட்டி சரியாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். பெட்டியில் 1க்கு மேல் காட்டியவை எல்லாவற்றையும், மற்றவற்றில் பத்தில் ஒன்றையும் ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதி செய்த பிறகே ஊரில் வாய் திறக்க வேண்டும். கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை என்று இரண்டு பருவ மாணவர்கள் பகிர்ந்து செய்தால் படம் முழுமையாகும்.

‘கொதிக்க வைத்துக் குடியுங்கள்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கிருமிக்குத்தான் கொதிக்க வைப்பது. ஃப்ளோரைடு ஆவியாகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். குழந்தைகளின் பல்லைப் பார்த்து நோய் சொல்வதும் உங்கள் வேலையல்ல. பல் மருத்துவருடையது.

முடிவு மோசமா வந்து, கிணத்துக்காரர் ‘வெளியே சொல்லாதீங்க, நிலத்துக்கு விலை போகாது’ன்னா? (அதே குழு)

சொந்தக் கிணறு என்றால் முடிவை முதலில் அவரிடம் தனியாகச் சொல்லுங்கள். முடிவுகளைக் காட்டும் ஊர்ப் படத்தில் (வரைபடத்தில்) வீட்டுப் பெயரோ கிணற்றின் துல்லிய இடமோ வேண்டாம், பகுதி வாரியாக நிறம் போட்டால் போதும். ஆனால் அந்தக் கிணற்று நீரைப் பக்கத்து வீடுகளும் குடித்தால் அவர்களுக்குத் தெரிய வேண்டும். சோதனைக்கு முன் வாங்கும் ஒப்புதல் தாளிலேயே இதை எழுதிவிட்டால் பிறகு தகராறு வராது. பொதுக் குழாயானால் மறைக்க எந்தக் காரணமும் இல்லை. பஞ்சாயத்துச் செயலருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். கூடவே, பக்கத்தில் எந்த நீர் நல்லது என்பதையும் சொல்லுங்கள். ‘இதைக் குடிக்காதே’ என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது மனிதர்களைக் கைவிடுவது.

எங்க மாணவர்களுக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. மனு, அறிக்கை எல்லாம் எந்த மொழியில்? (தமிழ்த் துறை ஆசிரியர்)

களத்தில் ஃபாரம் தமிழில் இருக்கட்டும். கூட்டத்தில் தமிழில் சொல்லுங்கள். பஞ்சாயத்துக்குக் கொடுக்கும் இரண்டு பக்கச் சுருக்கம் மலையாளத்தில் வேண்டும், ஏனென்றால் பொறியாளர் மேசையில் அதுதான் நகரும். ஒவ்வொரு குழுவிலும் மலையாளம் எழுதத் தெரிந்த ஒருவரைச் சேர்த்துவிடுங்கள்.

மனு வேறு. குறை தீர்க்கக் கோரும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்க அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு உரிமை தருகிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களோடு தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறக் கேரள ஆட்சிமொழிச் சட்டமும் வழி செய்கிறது. பாட்டிமார் தமிழில் எழுதித் தந்த மனுவை ‘மலையாளத்தில் கொண்டுவா’ என்று திருப்பினால், மாணவர்கள் இந்தப் பிரிவைப் பணிவாக எடுத்துச் சொல்லி, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கட்டும். அரசியல் அறிவியல் மாணவருக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

ஊர்க்காரங்களோட ஊர்ப் படம் வரைய அவங்களை எங்கே கூட்டுவது? கோயில் திடல்தான் வசதி. (சமூகப் பணிப் பட்டப்படிப்பான பி.எஸ்.டபிள்யூ. மாணவர், வடகரப்பதி)

வசதி யாருக்கு என்று பாருங்கள், தம்பி. கோயில் திடலில் கூட்டினால் சில தெருக்காரர்கள் வரவே மாட்டார்கள், வந்தாலும் ஓரமாக நிற்பார்கள். நீங்கள் வரைந்த படத்தில் அவர்களுடைய குழாயும் இருக்காது, சுடுகாட்டுப் பாதையும் இருக்காது. ஒரே ஊருக்கு மூன்று படம் வரையுங்கள்: மேல் தெருவில் ஒன்று, காலனியில் ஒன்று, பெண்களோடு மட்டும் ஒன்று. கோலப்பொடியும் புளியங்கொட்டையும் போதும். மண்ணில் வரைந்து, புகைப்படம் எடுத்து, பிறகு தாளில் ஏற்றுங்கள். மூன்றையும் அருகருகே வைத்து எது எதில் விடுபட்டிருக்கிறது என்று பார்ப்பதே ஆய்வு.

நேரமும் அப்படித்தான். கள் இறக்குபவர்கள் காலையிலும் மாலையிலும் மரத்தில் இருப்பார்கள். முதலமடைப் பக்கம் மாங்காய் சீசனில் வீடுகள் பூட்டிக் கிடக்கும்.

நாங்க வண்டிப்பெரியாறு. லயத்துல (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகள்ல) இருக்கற பிள்ளைங்களுக்கு சாயங்காலம் பாடம் சொல்லித் தரலாம்னு இருக்கோம்.

எஸ்டேட் நிர்வாகத்திடம் மட்டும் அனுமதி வாங்கி நிற்காதீர்கள், தொழிலாளர்களிடமும் பள்ளி ஆசிரியரிடமும் பேசுங்கள். பத்து வாரம் என்றால் பத்து வாரம் என்று முதல் நாளே குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். இரண்டு மாணவருக்கு எட்டுக் குழந்தைகள், கடைசி வரை அதே இருவர். வாரம் ஒரு முகம் வந்தால் குழந்தை ஒட்டாது.

வகுப்பு வாரியாகப் பிரிக்காமல் வாசிப்பு நிலை வாரியாகப் பிரியுங்கள்: எழுத்து, சொல், பத்தி, கதை. குழந்தைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடு வீடாகப் பார்க்கும் ஏசர் (ASER) ஆய்வின் வாசிப்புத் தாள் தமிழிலும் கிடைக்கிறது, ஒரு குழந்தைக்குச் சில நிமிடம்தான் ஆகும். தொடக்கத்திலும் முடிவிலும் பாருங்கள். பாடப்புத்தகத்தை நடத்தி முடிக்கும் வேலைக்குப் போகாதீர்கள், அது பள்ளியின் வேலை.

பழங்குடி ஊருக்குப் போகலாமா?

பழங்குடியினர் வளர்ச்சித் துறையின் எழுத்துப்பூர்வ அனுமதியும், ஊர்க்கூட்டத்தின் சம்மதமும் இல்லாமல் போகக் கூடாது. முதல் முறை களத்துக்குப் போகும் மாணவர்களை அங்கே அனுப்பவும் வேண்டாம்.

பொண்ணை அனுப்பலாமுங்களா டீச்சர்? பாதுகாப்பு எப்படி? (ஒரு தந்தை, வேலந்தாவளம்)

கேட்க வேண்டிய கேள்விதான், ஐயா. கல்லூரியிடம் இவற்றைக் கேளுங்கள்: கூட வரும் ஆசிரியை யார், தங்குமிடத்தில் தாழ்ப்பாளும் கழிப்பறையும் உண்டா, விபத்துக் காப்பீடு எடுத்திருக்கிறார்களா, பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனை எது, அங்கே போக வண்டி எது. பதில் எழுத்தில் வரட்டும். தனியாக யாரையும் வீட்டுக்குள் அனுப்பக் கூடாது, இருட்டும் முன் திரும்ப வேண்டும். கோடையில் நடுப்பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை வெயிலில் வேலை இல்லை. தொழிலாளருக்கே அரசு கொடுக்கும் இடைவேளை அது.

மதிப்பெண் எதற்குப் போடுவது? எல்லாரும் உழைக்கறாங்க. (உதவிப் பேராசிரியர், சித்தூர்)

போன மணி நேரத்துக்கு மதிப்பெண் கிடையாது, அது தேர்ச்சிக்கான குறைந்தபட்சத் தகுதி மட்டுமே. நூறில் களக்குறிப்பேடு 30, தகவலின் தரம் 25, ஊரில் முடிவைச் சொன்ன விதம் 25, ஊர்ப் பிரதிநிதியின் மதிப்பீடு 20 என்று வைக்கலாம். குறிப்பேட்டில் ‘நல்ல அனுபவமாக இருந்தது’ என்ற வரிக்கு ஒன்றும் கொடுக்காதீர்கள். பார்த்தது என்ன, பாடத்தில் படித்ததோடு அது எங்கே இடித்தது, அடுத்த வாரம் எதை மாற்றுவேன் என்று எழுதியிருக்கிறார்களா என்று தேடுங்கள். ஊர்ப் பிரதிநிதியிடம் நீண்ட படிவம் தராமல், சொன்ன நேரத்துக்கு வந்தார்களா, மரியாதையாகக் கேட்டார்களா, சொன்னதைத் திருப்பித் தந்தார்களா என்ற மூன்றையும் நேரில் கேட்டு நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆதார் எண், போட்டோ எடுக்கலாமா?

ஆதார் எண் எதற்கும் தேவையில்லை, வாங்காதீர்கள். பெரியவர்களின் படத்துக்கு அவர்களைக் கேட்க வேண்டும், 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரைக் கேட்க வேண்டும். கேட்டாலும், உதவி வாங்கும் கையைப் படம் எடுக்காதீர்கள்.

அடுத்த பேட்ச்சுக்கு என்ன கொடுத்துட்டுப் போகணும்? (பி.ஏ. இரண்டாம் ஆண்டு, கொழிஞ்சாம்பாறை)

ஒரு கோப்பு: உடன்படிக்கையின் நகல், பெயர்கள் நீக்கிய தகவல் தாள், ஊருக்குக் கொடுத்த சுருக்கம், பஞ்சாயத்து தந்த ரசீது, ஊர் கேட்டும் நீங்கள் முடிக்காதவற்றின் பட்டியல். கடைசியில் சொன்ன பட்டியலை முதல் பக்கத்தில் வையுங்கள். புதுக் குழுவை நீங்களே ஒரு நாள் அழைத்துப்போய் மெம்பரிடமும் வார்டுக் குழுவிடமும் அறிமுகப்படுத்திவிட்டு வாருங்கள்.