லேப்டாப் இருக்கட்டும் தம்பி, மரம் தெரியுமா?

தம்பி, ஒரே மூச்சில் ஐந்து கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில், கட்டடக்கலையில் ரோபோவைப் பயன்படுத்தும் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. எந்த லேப்டாப் வாங்குவது, மாதம் எவ்வளவு செலவாகும், சைவச் சாப்பாடு கிடைக்குமா, பாடமெல்லாம் ஆங்கிலத்தில் என்பதால் ஜெர்மன் படிக்காமல் தப்பிக்கலாமா, படிப்பு முடிந்தால் பசுமைக் கட்டுமானத்தில் வேலை உண்டா. அந்தத் ‘தப்பிக்கலாமா’வைப் படித்ததும் சிரித்துவிட்டேன். 2013 அக்டோபரில் அதே சொல்லை மடியில் கட்டிக்கொண்டுதான் நானும் இந்த ஊர் ரயில் நிலையத்தில் இறங்கினேன். நிலையத்தை அப்போதே பாதி இடித்துப் போட்டிருந்தார்கள். வேலை இன்னும் முடிந்தபாடில்லை. ஜெர்மன்காரன் நேரம் தவறாதவன் என்று ஊரில் யாராவது சொன்னால் அந்த நிலையத்தின் படத்தைக் காட்டுங்கள்.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். லேப்டாப் எதுவானாலும் சரி, நல்ல கிராபிக்ஸ் அட்டை இருந்தால் போதும். சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம், முருங்கைக்காய்கூடக் கிடைக்கிறது. செலவைப் பொறுத்தவரை, விசாவுக்கு முடக்கக் கணக்கில், அதாவது மாதாமாதம் ஒரு பங்கு மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில், மாதம் 992 யூரோ வீதம் ஓர் ஆண்டுக்கு 11,904 யூரோ காட்டச் சொல்கிறார்கள் அல்லவா, அதில் வாழலாம். வாடகை ஒழுங்காக அமைந்தால். இன்னொன்று, ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்று காணொளி போடுகிறவர்கள் இந்த மாநிலத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. 2017 முதல் இங்கே ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்கு ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ கட்டணம். நான் வந்தபோது அது இல்லை. ஆகவே என்னைப் போன்ற பழையவர்கள் சொல்லும் கணக்கையும் நம்பாதீர்கள்.

வீட்டு விஷயத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை. நேரில் பார்க்காத அறைக்கு ஒரு காசு அனுப்பாதீர்கள். ‘நான் லண்டனில் இருக்கிறேன், முன்பணம் போட்டால் சாவி தபாலில் வரும்’ என்று ஒருவன் எழுதுவான். எனக்கும் எழுதினான். நான் 600 யூரோ அனுப்பினேன். சாவி இன்னும் வந்துகொண்டிருக்கிறது. முதல் பதினொரு நாள் ஓர் இலங்கைத் தமிழர் தம் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் தங்க இடம் கொடுத்தார். ஊர் கேட்கவில்லை, சாதி கேட்கவில்லை. என் கோட்டைத் தொட்டுப் பார்த்து, ‘இது குளிருக்குக் காணாது பிள்ளை’ என்று மட்டும் சொன்னார். நம் ஊரிலிருந்து எனக்கு இரண்டு வருடம் முன்னால் வந்திருந்த ஓர் அண்ணனோ வாராவாரம் தொலைபேசியில் அறிவுரை சொன்னார். அறைக்குத்தான் வழி சொல்லவில்லை. வந்து மூன்று குளிர்காலம் முடிவதற்குள் மற்றவர்களுக்கு வழிகாட்டக் கிளம்பிவிடும் கூட்டத்திடமிருந்து விலகியே இருங்கள். எனக்குப் பன்னிரண்டு குளிர்காலம் முடிந்துவிட்டது, எனவே நான் பேசலாம்.

இனி ஜெர்மன்.

வகுப்பில் ஆங்கிலம் போதும். ஆனால் நீங்கள் வருவது வகுப்புக்காக அல்ல, பட்டறைக்காக. பட்டறையில் இருப்பவர் பேராசிரியர் அல்லர், மரவேலைத் தலைமை ஆசாரி. அவர் பேசுவது நீங்கள் கோயம்புத்தூரில் பயிற்சி வகுப்பில் படிக்கும் ஜெர்மனும் அல்ல, இந்த வட்டார வழக்கான ஷ்வேபிஷ். நான் மாணவ உதவியாளராகச் சேர்ந்த இரண்டாவது வாரம் இது நடந்தது. நானும் அவரும் ஒரு மரப்பலகையைப் பசை தடவி அழுத்து இயந்திரத்தில் வைத்துக்கொண்டிருந்தோம். அவர் ‘ஹேபன்’ என்றார். நான் படித்த ஜெர்மனில் ஹேபன் என்றால் தூக்கு. தூக்கினேன். பலகை நழுவி, பசை என் கையிலும் அவர் சட்டையிலும் வழிந்து, பொருத்தி வைத்திருந்த நான்கு துண்டும் இடம் மாறிவிட்டன. இந்த ஊரில் ஹேபன் என்றால் பிடித்துக்கொள். தூக்கு என்பதற்கு லுப்ஃபன் என்று வேறு சொல் இருக்கிறது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. சுண்ணக்கட்டியை எடுத்துச் சுவரில் இரண்டு சொல்லையும் எழுதி, ஒன்றின் பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டார், மற்றதன் பக்கத்தில் ஒரு கை. அன்று மாலையே நான் ஆங்கிலத்தில் தப்பிக்கும் திட்டத்தைக் கைவிட்டேன். இன்று என் ஷ்வேபிஷைக் கேட்டுவிட்டு, ‘நீங்கள் ரெம்ஸ் பள்ளத்தாக்குக்காரரா?’ என்று கேட்கிறார்கள். கொஞ்சம் பெருமைதான்.

இதை ஏன் நீட்டுகிறேன் என்றால், ரோபோ ஆய்வு என்றதும் கண்ணாடி அறையில் வெள்ளைக் கோட்டுடன் நிற்பதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. அந்தப் பெரிய ரோபோக் கை கார் தொழிற்சாலையிலிருந்து வந்தது. அங்கே ஒரே அசைவை லட்சம் முறை செய்யும். கட்டடத்தில் அதன் பிழைப்பு நேர்மாறானது. 2019இல் ஹைல்ப்ரோன் தோட்டக்கலைக் கண்காட்சிக்கு ஸ்டுட்கார்ட் ஆய்வாளர்கள் கட்டிய மர மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடல் முள்ளெலியின் ஓட்டைப் பார்த்து வடிவமைத்தது. நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் 30 மீட்டர் தாண்டுகிறது. அதன் 376 துண்டுகளில் ஒன்றுபோல் இன்னொன்று கிடையாது. ஒவ்வொன்றும் உள்ளே வெற்றிடம் விட்ட பெட்டி. பலகையை எடுத்து, பசை போட்டு, மூடி, ஓரத்தில் பல் வெட்டுவது வரை ரோபோவின் வேலை. பல் இணைப்பில் அனுமதித்த பிழை மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அத்தனையையும் இரண்டு ஆசாரிகள் பத்து வேலை நாளில் பூட்டி நிறுத்திவிட்டார்கள். கண்காட்சி முடிந்தால் கழற்றி வேறிடத்தில் நிறுத்தலாம் என்பதும் திட்டத்திலேயே இருந்தது.

கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? இதில் மாணவரின் பங்கு என்ன தெரியுமா? கட்டுப்பாட்டுப் பலகையைப் பிடித்து, பாதுகாப்புப் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டு, விநாடிக்கு 250 மில்லிமீட்டருக்கு மேல் போகாத பரிசோதனை வேகத்தில் அந்தக் கை ஊர்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பது. விரல் மரத்துப்போகும். திரையில் அழகாக வளைந்த பாதை, மூன்றாவது மூட்டு திரும்ப மறுக்கும் இடத்தில் நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து. மீதி நேரம் தேய்ப்பது, தூசி உறிஞ்சுவது, பெருக்குவது. பெருக்க வராதவருக்கு அந்தப் பட்டறையில் மதிப்பில்லை.

வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. படிப்பு முடிந்ததும் வேலை தேடப் பதினெட்டு மாதம் தங்க விடுகிறார்கள். மரக்கட்டுமான ஆலைகளுக்கு ஆள் தேவை. ஆனால் நேர்காணலில் முதல் கேள்வி, ‘மரத்தில் கை வைத்திருக்கிறீர்களா?’ என்பதாகத்தான் இருக்கும். நான் இப்போது வேலை செய்யும் ஆலையில் எனக்கும் அதைத்தான் கேட்டார்கள். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் அன்று வெளியே ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்புறம் அந்தப் ‘பசுமை’. தம்பி, இந்தச் சொல்லை யார் சொன்னாலும் கிலோ கணக்குக் கேளுங்கள். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமெண்டிலிருந்து வருகிறது. ஆகவே மாற்று தேடுவது நியாயம்தான். அதற்காக ரோபோ தொட்டதெல்லாம் பசுமையாகிவிடாது. அதே ஹைல்ப்ரோனில், அதே ஆண்டு, இழைகளால் ஒரு மண்டபமும் கட்டினார்கள். ரோபோ 1,50,000 மீட்டருக்கு மேல் கண்ணாடி இழையையும் கரி இழையையும் சுற்றிச் சுற்றி நெய்த 60 உறுப்புகள். சதுர மீட்டருக்கு 7.6 கிலோதான் எடை. சிலந்திகூட வெட்கப்படும். ஆனால் கரி இழையை ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டுத்தான் தயாரிக்கிறார்கள். இழையைப் பிடித்துவைக்கும் பிசின் காய்ந்தபின் அதைப் பிரிப்பது பெரும்பாடு. எடையில் மிச்சம் பிடித்ததை அடுப்பில் விட்டோமா என்று அப்போதே பட்டறையில் முணுமுணுப்பு இருந்தது. அதைக் கட்டிய ஆய்வாளர்களுக்கும் அது தெரிந்திருந்தது என்பதுதான் எனக்கு அவர்களிடம் பிடித்தது. 2021இல் ஃப்ரைபுர்க் தாவரவியல் பூங்காவில் நிறுத்திய அடுத்த மண்டபத்துக்கு ஆளி விதைச் செடியின் நாரை எடுத்துக்கொண்டார்கள். 2024இல் வாங்கன் என்ற ஊரில் அதே நாரை மரத்தோடு சேர்த்தார்கள்.

மரமும் புனிதமானது என்று நினைத்துவிடாதீர்கள். இந்த நாட்டுக் கட்டுமானத்தின் முதுகெலும்பே ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரம்தான். 2018 வறட்சிக்குப் பின் பட்டை வண்டு அந்தக் காடுகளைத் தின்று தீர்த்ததை ரயிலில் போகும்போது பார்ப்பீர்கள், மலைச்சரிவே சாம்பல் பூத்து நிற்கும். ஒரு மண்டபம் எழுவதற்கு முன் எத்தனை மாதிரிகள் உடைந்து குப்பைத்தொட்டிக்குப் போகின்றன என்பதை எந்தக் காணொளியிலும் காட்ட மாட்டார்கள். நான் கொட்டியிருக்கிறேன், எனக்குத் தெரியும்.

உங்கள் துறைக்கு இந்த ஊரில் ரோபோவைவிடப் பழைய வேர் ஒன்று உண்டு. பல்கலைக்கழகத்தின் ஃபைஹிங்கன் வளாகத்தில் கூடாரம்போல் ஒரு கட்டடம் நிற்கிறது. கட்டடக் கலைஞர் ஃப்ரை ஒட்டோ 1964இல் தொடங்கிய இலகுக் கட்டமைப்பு நிறுவனத்தின் வீடு அது. 1967 மான்ட்ரியல் கண்காட்சியின் ஜெர்மன் மண்டபத்துக்குச் சோதனைக்காக எழுப்பியதை இங்கே கொண்டுவந்து கூரையிட்டார்கள். கம்பி வளையத்தைச் சோப்பு நீரில் முக்கி எடுத்து, அந்தப் படலம் தானாக எடுக்கும் வடிவத்தை அளந்து கூரை வடிவமைத்த மனிதர் அவர். பொருள் எப்படி நிற்க விரும்புகிறது என்று முதலில் பார், பிறகு அதை நிறுத்து. அதைப் பார்க்காமல் ரோபோ கூடத்துக்கு ஓடுகிறவர்கள்தான் இப்போது அதிகம்.

எனக்கு இது புரிய அவ்வளவு நாள் ஆகியிருக்கக் கூடாது. என் அப்பா காரைக்குடிப் பக்கம் ஆசாரி. பட்டறைக்குப் பின்னால் பலகைகளை நடுவில் குச்சி கொடுத்து அடுக்கி, நிழலில் மாதக்கணக்கில் காயவைப்பார். பாதி காய்ந்த மரத்தில் கதவு செய்து கேட்டவரை விரட்டியதை நான் பார்த்திருக்கிறேன். ஈர மரம் காயும்போது நார் ஓடும் திசையில் அநேகமாகச் சுருங்காது, குறுக்கே சுருங்கும். அதனால்தான் முறுக்கிக்கொள்கிறது. வாழ்நாள் முழுவதும் அவர் சண்டை போட்டது அந்த முறுக்கோடுதான்.

2019இல் இங்கே பக்கத்தில் உர்பாஹ் என்ற ஊரின் மேட்டில் எழுந்த மரக் கோபுரத்தில் அந்த முறுக்கையே வேலைக்காரனாக்கியிருந்தார்கள். ஈர ஸ்ப்ரூஸ் பலகைகளை நார் குறுக்கும் நெடுக்குமாக வரும்படி ஒட்டி, தட்டையாகவே உலர்த்தும் அறைக்குள் விடுகிறார்கள். காயக் காய ஓர் அடுக்கு சுருங்க மறுக்க, இன்னொன்று இழுக்க, வெயிலில் போட்ட அப்பளம்போல் பலகை தானே வளைகிறது. எவ்வளவு வளையும் என்பதைக் கணினி முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அச்சும் இல்லை, அழுத்தவும் இல்லை. அப்படி வளைந்த 12 துண்டுகள், 90 மில்லிமீட்டர் கனம், 14 மீட்டர் உயரம். நான்கு பேர் ஒரே நாளில் நிறுத்திவிட்டார்கள்.

அந்தக் கோடையில் அப்பா இங்கு வந்திருந்தார். அழைத்துப் போனேன். உள்ளே நின்று அண்ணாந்து பார்க்கவில்லை. எல்லோரும் மேலே பார்க்க, அவர் இரண்டு பலகை சேரும் இடத்தில் கட்டைவிரல் நகத்தை விட்டுக் கீழிருந்து எட்டும் உயரம் வரை இழுத்துக்கொண்டே போனார். நகம் எங்கும் மாட்டவில்லை.

‘என்ன மரம்?’

சொன்னேன்.

‘நம் ஊரில் இதில் பெட்டி அடிப்பார்கள்’ என்றார்.

பிறகு வெளியே வந்து வெளியே போர்த்திய பலகை ஏன் வேறு மரம் என்று கேட்டார். அது லார்ச், மழைக்குத் தாங்கும் என்றேன். தலையசைத்துவிட்டுச் சுற்றிவந்து தெற்குப் பக்கத்தை ஒரு தடவை, வடக்குப் பக்கத்தை ஒரு தடவை தடவிப் பார்த்தார். திரும்பும் ரயிலில் ஷோர்ன்டோர்ஃப் வரை பேசவில்லை. அதற்குப் பிறகுதான், ‘எத்தனை நாள் காயவைத்தார்களாம்?’ என்று கேட்டார்.

இந்த வாரம் படிக்கட்டு பெருக்கும் முறை எங்கள் வீட்டுக்கு. அதற்கான அட்டை வெள்ளிக்கிழமையிலிருந்து எங்கள் கதவில் தொங்குகிறது. இன்று சனி, மணி ஆறாகப்போகிறது, கீழ்வீட்டு அம்மாள் இரண்டு தடவை இருமிவிட்டார். மீதியை நீங்கள் வந்தபிறகு பேசிக்கொள்ளலாம்.