விமானக் கட்டணம், விமானி ஓய்வு, எரிபொருள் வரி: உறுப்பினர் கேள்விகளுக்குப் பதில்கள்

விமான நிறுவனங்களின் இயக்கப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி (திருநெல்வேலியிலிருந்து ஓர் ஆசிரியை): ஐயா, பொங்கலுக்குச் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு வர, சாதாரண நாள் கட்டணத்தைப் போல மூன்று மடங்கு கேட்கிறார்கள். பேருந்துக்கும் ரயிலுக்கும் அரசு கட்டணம் நிர்ணயிக்கும்போது விமானத்துக்கு மட்டும் ஏன் உச்சவரம்பு இல்லை?

பதில்: 1953-இல் விமானப் போக்குவரத்து நாட்டுடைமையாக்கப்பட்டது. அந்தச் சட்டம் 1994-இல் நீக்கப்பட்டபின், கட்டணத்தை நிர்ணயிக்கும் உரிமை நிறுவனங்களிடம் வந்தது. கட்டணம் 'நியாயமானதாக' இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. ஆனால் எது நியாயம் என்பதற்கு எண் எதுவும் இல்லை.

தூத்துக்குடிக்குப் பறக்கும் ஏடிஆர் வகை விமானத்தில் எழுபத்தைந்து இருக்கைகள் என்று வைத்துக்கொள்வோம். அவற்றைப் பத்துப் பன்னிரண்டு கட்டண அடுக்குகளாகப் பிரித்து, கீழடுக்கு விற்றுத் தீர்ந்ததும் மேலடுக்கைத் திறப்பார்கள். பொங்கல் வாரத்தில் கீழடுக்கில் இருக்கைகளே வைக்காமலும் விடலாம். ஒரே வழித்தடத்தில் நான்கு நிறுவனங்கள் பறந்தால் ஒருவர் கீழடுக்கை மூடும்போது இன்னொருவர் திறந்து வைத்திருப்பார். இன்று உள்நாட்டில் பறக்கும் பத்துப் பேரில் ஒன்பது பேர் இண்டிகோவிலோ ஏர் இந்தியா குழுமத்திலோதான் பறக்கிறார்கள். பல வழித்தடங்களில் ஒரே நிறுவனம்தான் இருக்கிறது. உங்கள் மூன்று மடங்குக் கட்டணத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

உச்சவரம்பு வைத்துப் பார்க்காமலும் இல்லை. 2020 மே முதல் 2022 ஆகஸ்டு வரை கீழ்வரம்பும் மேல்வரம்பும் இருந்தன. கீழ்வரம்பு இருந்ததால் தள்ளுபடிச் சீட்டுகளும் கூடவே காணாமல் போயின. விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தான 2025 டிசம்பர் நெருக்கடியின்போது 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,500 கிலோமீட்டருக்கு மேல் 18,000 ரூபாய் என்று தற்காலிக வரம்பு வந்தது. பேரிடர் காலத்துக்கு அது சரி. நிரந்தர வரம்பை நான் ஆதரிக்கவில்லை; ஆள் குறைவான வழித்தடங்களிலிருந்துதான் நிறுவனங்கள் முதலில் விலகும், அவற்றில் தூத்துக்குடியும் ஒன்றாக இருக்கக்கூடும். அதைவிடப் பயனுள்ள ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் விற்கப்படும் பயணச்சீட்டுகளில் ஒரு பகுதியின் விலை விவரத்தை அரசு தொடர்ந்து பொதுவில் வெளியிடுகிறது. இங்கே அப்படி வெளியிட்டால், எந்த வழித்தடத்தில் யார் எவ்வளவு கறக்கிறார்கள் என்பதை நீங்களும் நானும் ஆதாரத்தோடு பேச முடியும்.

கேள்வி (கோயம்புத்தூரிலிருந்து ஒரு மென்பொருள் பொறியாளர்): 2025 டிசம்பர் முதல் வாரத்தில் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. விமானிகளுக்குக் கூடுதல் ஓய்வு கொடுத்த புதிய விதிதான் காரணம் என்றார்கள். பயணிகளைத் தவிக்கவிட்டு ஓய்வு கொடுப்பது அவசியமா?

பதில்: மிகவும் அவசியம். விதியின் மீது பழி விழுந்தது எனக்கு வருத்தம்தான்.

புதிய விதிகள் 2024 ஜனவரியிலேயே அறிவிக்கப்பட்டவை. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. 'இரவு' என்பது நள்ளிரவு முதல் காலை ஆறு வரை என்று நீண்டது. இரவில் ஒரு விமானி செய்யக்கூடிய தரையிறக்கங்கள் ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தன. விமானிகள் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் வரை சென்ற பிறகு, முதல் கட்டம் 2025 ஜூலை 1 அன்றும், இரண்டாம் கட்டம் நவம்பர் 1 அன்றும் நடைமுறைக்கு வந்தன. தயாராவதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தது. அப்படியிருந்தும் நாளொன்றுக்கு 2,200 விமானங்களை இயக்கும் இண்டிகோ, டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை ரத்து செய்தது. விதியின் சில பகுதிகளுக்கு 2026 பிப்ரவரி 10 வரை அந்நிறுவனத்துக்கு விலக்கு அளிக்கப்பட்டது. விடுப்பை வார ஓய்வாகக் கணக்கிடக் கூடாது என்ற பிரிவையும் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ திரும்பப் பெற்றது.

விமானிகளின் பணிப்பட்டியலைப் போடும் மேசையில் நான் மூன்று ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். ஊருக்கு ஊர் மாறி இரவில் நான்கு முறை இறக்கிவிட்டு, அதிகாலை நான்கே முக்காலுக்குக் கையெழுத்துப் போட வந்த ஒரு கேப்டன், தேதி எழுத வேண்டிய இடத்தில் விமான எண்ணை எழுதிவிட்டுப் பேனாவைப் பிடித்தபடியே நின்றார். அப்போதிருந்த விதிப்படி அவர் பணியில் ஒரு பிழையும் இல்லை. பின்னிரவு இரண்டு முதல் காலை ஆறு வரை உடலின் விழிப்பு மிகவும் தாழ்ந்திருக்கும் என்பது மருத்துவம் உறுதி செய்த உண்மை. அந்த நேரத்தில் 180 பேரோடு ஓடுபாதையை நோக்கி இறங்குகிறவருக்கு ஓய்வு கூடாது என்று எந்தப் பயணியும் சொல்ல மாட்டார்.

உண்மையான சிக்கல், கையிருப்பு இல்லாமல் நிறுவனத்தை நடத்துவது. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலோ, டெல்லியில் பனிமூட்டம் வந்தாலோ, மாற்று ஆள் வேண்டும். மாற்று ஆளை வீட்டில் காத்திருக்க வைத்துச் சம்பளம் தருவதைச் செலவு என்று பார்க்கும் நிறுவனம், பட்டியலை நூல் பிடித்தாற்போல் இழுத்துக் கட்டும். ஒரு முடிச்சு அவிழ்ந்தால் எல்லாம் அவிழும். குளிர்கால அட்டவணைக்கு ஒப்புதல் தரும்போதே, 'இத்தனை விமானங்களுக்கு இத்தனை கேப்டன்கள் உங்களிடம் இருக்கிறார்களா' என்று ஒழுங்குமுறை அமைப்பு எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

கேள்வி (சென்னை): தமிழ்நாட்டில் விமான எரிபொருளுக்கு வரி அதிகம் என்கிறார்கள். அதற்கும் என் பயணச்சீட்டுக்கும் என்ன தொடர்பு?

பதில்: நேரடித் தொடர்பு. இந்திய நிறுவனங்களின் இயக்கச் செலவில் 35 முதல் 40 விழுக்காடு எரிபொருளுக்கே போகிறது. இந்த எரிபொருள் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. ஒன்றிய அரசின் கலால் வரி 11 விழுக்காடு. அதன்மேல் மாநிலத்தின் மதிப்புக் கூட்டு வரி. அது சில மாநிலங்களில் ஒன்று முதல் நான்கு விழுக்காடு, தமிழ்நாட்டில் 29 விழுக்காடு. ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. 2024 டிசம்பரில் ஜெய்சல்மேரில் கூடிய ஜிஎஸ்டி மன்றத்தில் மாநிலங்கள் இதை உள்ளே கொண்டுவர ஒப்பவில்லை.

இதனால் நடப்பதைக் கட்டுப்பாட்டு அறையில் நாள்தோறும் பார்த்திருக்கிறேன். வரி குறைந்த ஊரில் தேவைக்கு மேல் இரண்டு மூன்று டன் நிரப்பிக்கொண்டு சென்னைக்கு வந்து, இங்கே நிரப்பாமலே திரும்புவார்கள். ஒரு டன் கூடுதலாகச் சுமந்தால் மணிக்கு முப்பது கிலோ அளவுக்கு எரிபொருள் அதைச் சுமப்பதற்கென்றே எரிகிறது. அதாவது, வரியைத் தவிர்ப்பதற்காக எண்ணெயை எரித்து எண்ணெய் சுமக்கிறோம். மாநிலத்துக்கும் அந்த வரி வருவதில்லை. விகிதத்தைப் பாதியாக்கினால் வருவாய் பாதியாகும் என்று கணக்குப் போடுபவர்கள், இங்கே நிரப்பாமல் போன லிட்டர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கேள்வி (மதுரை): சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் செல்ல எங்கள் ஊரார் இன்னும் திருச்சிக்குத்தான் ஓடுகிறார்கள். பயணிகள் இருந்தும் அந்நாட்டு விமானங்கள் மதுரைக்கு வராதது ஏன்?

பதில்: 1944-ஆம் ஆண்டின் சிகாகோ ஒப்பந்தப்படி ஒவ்வொரு நாட்டுக்கும் தன் வான்வெளி மீது முழு உரிமை உண்டு. ஆகவே வெளிநாட்டு விமானம் எந்தெந்த ஊரில் இறங்கலாம், வாரத்துக்கு எத்தனை இருக்கைகள் என்பதை இரு நாட்டு அரசுகளும் பேசி எழுதிக்கொள்கின்றன. தென்கிழக்காசிய நாடுகளின் விமானங்கள் எண்ணிக்கைக் கட்டுப்பாடின்றி வரலாம் என்று இந்தியா திறந்துவிட்ட பதினெட்டு ஊர்களில் திருச்சி உண்டு; மதுரை இல்லை. சிங்கப்பூரின் ஸ்கூட்டும் மலேசியாவின் ஏர் ஏசியாவும் திருச்சியில் இறங்குவதன் காரணம் அதுதான். தெற்காசிய நாடுகளுக்கு விதி தளர்வாக இருப்பதால் ஸ்ரீலங்கன் மதுரைக்கு வருகிறது. இந்திய நிறுவனங்கள் மதுரையிலிருந்து வெளிநாடு செல்லத் தடை இல்லை. ஆனால் அவை தம்மிடமுள்ள விமானத்தை அதிக லாபம் தரும் ஊருக்கே அனுப்பும்.

துபாய்க்கும் இதே கதைதான். வாரத்துக்கு ஏறத்தாழ 65,000 இருக்கைகள் என்ற அளவு 2014-க்குப் பிறகு உயரவில்லை. அதை உயர்த்தினால் நம் பயணிகளை வளைகுடா நிறுவனங்கள் அள்ளிக்கொண்டு போய்விடும், நம் நிறுவனங்கள் நேரடி நெடுந்தூரச் சேவைகளை வளர்க்க முடியாது என்பது டெல்லியின் வாதம். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும் நம் நிறுவனங்களைக் காப்பதற்கான விலையை மதுரைக்காரரும் இராமநாதபுரத்துக்காரரும் திருச்சிக்குப் போகும் கார் வாடகையாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பெருநகரங்களை மூடி வைத்துக்கொண்டு, மதுரை போன்ற ஊர்களையாவது திறந்துவிடுவதில் யாருக்கும் பெரிய இழப்பு வராது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி (சேலம்): சிறு ஊர்களை விமானத்தால் இணைக்கும் உடான் திட்டத்தில் எங்கள் ஊருக்கு விமானம் வந்தது, நின்றது, மீண்டும் வந்தது. இனியாவது நிலைக்குமா?

பதில்: 2018 மார்ச்சில் வந்த சேவை இடையில் நின்று, 2023 அக்டோபரில்தான் மீண்டது. திட்டத்தின் அமைப்பே இப்படித்தான். இருக்கைகளில் ஒரு பகுதியைக் குறைந்த கட்டணத்தில் விற்க வேண்டும். ஏற்படும் இழப்பை மூன்று ஆண்டுகளுக்கு அரசு ஈடுகட்டும். கணக்குத் தணிக்கைத் துறையின் 2023 அறிக்கை, முதல் மூன்று சுற்றுகளில் வழங்கப்பட்ட 774 வழித்தடங்களில் 403 தொடங்கப்படவே இல்லை என்றும், தொடங்கிய 371-இல் 112 மட்டுமே மூன்று ஆண்டுகளை நிறைவு செய்தன என்றும், மானியம் முடிந்த பின்னும் தொடர்ந்தவை 54 மட்டுமே என்றும் கூறுகிறது. சேலத்துக்கு ஜவுளியும் எஃகு ஆலையும் இருப்பதால் நிலைக்க வாய்ப்புண்டு. காலையில் சென்னை சென்று இரவில் திரும்பும்படி நேரம் அமைந்தால் வியாபாரிகள் விட மாட்டார்கள். நண்பகலில் ஒரு விமானம் என்றால் மானியம் இருக்கும்வரைதான்.

கேள்வி (பெங்களூரு): கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் மூடப்பட்டபோது அதன் விமானங்கள் ஏன் ஓராண்டு அப்படியே நின்றன?

பதில்: அவை அந்த நிறுவனத்துக்குச் சொந்தமானவை அல்ல, வாடகை விமானங்கள். 2023 மே மாதம் பறப்பதை நிறுத்தித் திவால் மனு ஏற்கப்பட்டதும், எந்தச் சொத்தையும் யாரும் எடுத்துச் செல்லக் கூடாது என்ற தடை வந்தது. உரிமையாளர்கள் நீதிமன்றம் ஏறி, 2024 ஏப்ரல் 26 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் 54 விமானங்களின் பதிவை ஐந்து வேலை நாள்களில் நீக்க ஆணையிட்ட பிறகே மீட்டனர். அந்த ஓராண்டில் இந்தியாவுக்கு விமானம் வாடகைக்கு விடுவது அபாயம் என்ற எண்ணம் உலகெங்கும் பரவி, மற்ற நிறுவனங்களின் வாடகையும் ஏறியது. வாடகை விமான உரிமையாளர்களின் உரிமையைக் காக்கும் கேப் டவுன் உடன்படிக்கையில் நாம் 2008-லேயே சேர்ந்திருந்தும், அதைச் செயல்படுத்தும் சட்டம் 2025-இல்தான் வந்தது. பதினேழு ஆண்டுத் தாமதத்தின் விலை சிறியதல்ல.

மூடப்பட்டதற்கு அந்நிறுவனம் சொன்ன காரணம் பிராட் அண்ட் விட்னி எஞ்சின்கள். அதே வகை எஞ்சின்களின் பாகங்கள் செய்யப் பயன்பட்ட உலோகத்தூளில் குறைபாடு இருந்தது 2023 ஜூலையில் வெளிவந்ததும், இண்டிகோவின் எழுபதுக்கும் மேற்பட்ட விமானங்கள் ஒரு கட்டத்தில் தரையில் நின்றன.

கேள்வி (தஞ்சாவூர்): அகமதாபாத் விபத்தில் விமானிகள்தாம் தவறு செய்தார்கள் என்று தொலைக்காட்சியில் சொல்கிறார்கள். உண்மையா, ஐயா?

பதில்: 2025 ஜூன் 12 அன்று 260 உயிர்கள் போயின. முதற்கட்ட அறிக்கை சொல்வது இவ்வளவுதான்: மேலெழுந்த சில நொடிகளில் இரு எரிபொருள் சுவிட்சுகளும் அடுத்தடுத்து நிறுத்த நிலைக்கு மாறின, 'ஏன் நிறுத்தினாய்' என்று ஒருவர் கேட்க, 'நான் நிறுத்தவில்லை' என்று மற்றவர் பதிலளித்தார். யார் எவர் என்று அறிக்கை சொல்லவில்லை. அதற்கு மேல் போகிறவர்கள் ஊகத்தில் பேசுகிறார்கள். தம் பக்கத்தைச் சொல்ல உயிரோடு இல்லாத அந்த இரு விமானிகளின் குடும்பங்களை நினைத்தாவது அவர்கள் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. விபத்தை விசாரிக்கும் அமைப்பு, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழேயே இருக்கிறது. அமெரிக்காவில் 1974-இன் சட்டம் அங்குள்ள விசாரணை அமைப்பைப் போக்குவரத்துத் துறையிலிருந்து முற்றிலும் பிரித்துவிட்டது. நம் டிஜிசிஏ-விலோ அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் ஏறத்தாழ பாதி காலி என்று 2025-இல் நாடாளுமன்றக் குழு குறிப்பிட்டது. சோதிக்கிறவர் நாற்காலி காலியாக இருக்கும்போது, புதிதாக ஆயிரம் விமானங்களுக்கு ஆணை கொடுத்திருக்கிறோம் என்று பெருமை கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி (புதுச்சேரி): விமானம் ரத்தானால் இழப்பீடு உண்டா?

பதில்: ரத்து செய்தால், மாற்று விமானமோ முழுப் பணமோ தர வேண்டும், உரிய முன்னறிவிப்பு இல்லையெனில் பயண நேரத்தைப் பொறுத்து 5,000 முதல் 10,000 ரூபாய் வரை, அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அது கிடைக்கும். வானிலை போன்ற காரணம் என்றால் இழப்பீடு இல்லை. ரத்துக்கான காரணத்தைக் கவுன்ட்டரிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏர்சேவா தளத்தில் புகார் செய்யும்போது அந்தத் தாள்தான் உதவும்.

கேள்வி (விருதுநகரிலிருந்து ஒரு தாய்): மகள் பிளஸ் டூ படிக்கிறாள், பைலட் ஆக வேண்டும் என்கிறாள். வீட்டை அடமானம் வைக்கலாமா, அண்ணா?

பதில்: தங்கையே, அவசரப்பட வேண்டாம். வணிக உரிமத்துக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். அதன்பின் குறிப்பிட்ட விமான வகைக்குத் தனிப் பயிற்சி. எல்லாம் சேர்ந்து ஐம்பது லட்சத்தைத் தாண்டிவிடும். நாட்டில் பற்றாக்குறை இருப்பது கேப்டன்களுக்குத்தான். உரிமம் பெற்றும் முதல் வேலைக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் பிள்ளைகள் நிறையப் பேரை எனக்குத் தெரியும். பயிற்சிப் பள்ளிக்கு ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன் முதல் வகுப்பு மருத்துவச் சோதனையை முடித்துவிடுங்கள். பணம் கட்டிய பிறகு அதில் தோற்றால் பணம் திரும்ப வராது. கூடவே, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் தேர்வு என்று ஒன்று உண்டு. பட்டம் முடித்து அரசுப் பணியாகச் சேரலாம், அங்கேயும் ஆள் பற்றாக்குறைதான். இரண்டையும் பிள்ளையிடம் சொல்லுங்கள். இந்திய விமானிகளில் சுமார் 15 விழுக்காட்டினர் பெண்கள். உலக சராசரியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அவளுக்கு ஐயம் ஏதும் இருந்தால் அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.