டைனோசர்களைவிடப் பெரிய விலங்கு உண்டா?

உண்டு. நீலத்திமிங்கலம்தான் அது. எடையைக் கொண்டு பார்த்தால், உறுதியாக அறியப்பட்ட எந்த டைனோசரும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. அழிந்துபோன காலத்துப் பிராணி அல்ல. இன்றைக்கும் கடலில் உலவுகிறது.

சிங்கப்பூரில் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்கு என் தமிழ் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போவேன். அங்கே நிற்கும் மூன்று நெடுங்கழுத்து டைனோசர்களைப் பார்த்ததும் "இதுதான் ஆகப் பெரியது, ஆசிரியர்!" என்று முடிவு கட்டிவிடுவார்கள். நீளத்தில் டைனோசர்கள் முந்தலாம். அர்ஜென்டினாவில் கிடைத்த பட்டகோடைட்டன் ஏறக்குறைய 37 மீட்டர்; மிகப் பெரிய நீலத்திமிங்கலமே சுமார் 30 மீட்டர்தான். ஆனால் பட்டகோடைட்டனின் எடை 60 டன் அளவில் இருந்திருக்கும் என்கிறார்கள். நீலத்திமிங்கலமோ 150 டன்னையும் தாண்டும்.

தரையில் வாழும் விலங்கு தன் முழுப் பாரத்தையும் கால்களில் தாங்கியாக வேண்டும். நெடுங்கழுத்து டைனோசரின் கழுத்தெலும்பைக் கிட்டே போய்ப் பாருங்கள்: பக்கவாட்டில் ஆழமான குழிகள் தெரியும். எடையைக் குறைக்கக் காற்றுப் பைகள் இருந்த இடங்கள் அவை. கடலில் அந்தச் சுமையை நீரே ஏந்திக்கொள்கிறது. அதுமட்டும் போதாது, தீனியும் வேண்டுமே! கிரில் என்னும் சிறு இறால் போன்ற உயிரி கூட்டமாகத் திரளும் இடத்தில், திமிங்கலம் வாயைப் பிளந்து பாய்ந்து நீரோடு அள்ளுகிறது. பிறகு மேல்தாடையில் தொங்கும் சல்லடைத் தகடுகள் வழியாக நீரை வெளியேற்றிவிட்டு இரையை விழுங்குகிறது.

2023-இல் பெரு நாட்டின் தொல் திமிங்கலமான பெருசீட்டஸ் 340 டன் வரை இருந்திருக்கலாம் என்று செய்தி வந்தது. கையில் இருந்தவை 13 முதுகெலும்புகள், நான்கு விலா எலும்புகள், இடுப்பெலும்பின் ஒரு பகுதி, அவ்வளவே. அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதை 60 முதல் 114 டன்னுக்குள் இறக்கிவிட்டார்கள். அவர்கள் கணக்கே எனக்குச் சரியாகப் படுகிறது.

திமிங்கலம் எங்களுக்கு அந்நியமல்ல. 1892-இல் மலாக்கா அருகே கரை ஒதுங்கிய ஒன்றின் எலும்புக்கூடு ஸ்டாம்ஃபோர்டு சாலையிலிருந்த பழைய அரும்பொருளகத்தில் பல பத்தாண்டுகள் தொங்கியது. என் அம்மா பள்ளிப் பருவத்தில் அதை அண்ணாந்து பார்த்ததை இன்றும் சொல்வார். 1974-இல் அதை மலேசியாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். 2015-இல் ஜூரோங் தீவருகே ஓர் எண்ணெய்த் திமிங்கலம் இறந்து மிதந்தது. அதன் முதுகில் பெரிய காயம். கப்பல் மோதியிருக்கக்கூடும் என்றார்கள். இப்போது அதன் எலும்புக்கூட்டைத்தான் பிள்ளைகள் பார்க்கிறார்கள்.

அந்தக் காயத்தை நான் அவர்களிடம் மறைப்பதில்லை. 20-ஆம் நூற்றாண்டில் தென்கடல்களில் மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட நீலத்திமிங்கலங்களை வேட்டையாடித் தீர்த்தார்கள். 1966-இல் தடை வந்ததால் மிச்சம் பிழைத்தது. இன்றைய ஆபத்துகளில் ஒன்று கப்பல். சிங்கப்பூருக்கும் சூயஸுக்கும் இடையே ஓடும் சரக்குக் கப்பல்கள் இலங்கையின் தென்முனையை ஒட்டிப் போகின்றன. நீலத்திமிங்கலங்கள் இரை தேடுவதும் அங்கேதான். 2022-இல் ஒரு பெரிய கப்பல் நிறுவனம் தன் பாதையைத் தெற்கே தள்ளிக்கொண்டது. மற்ற நிறுவனங்களும் அப்படியே செய்ய வேண்டும். நம் துறைமுகம் அதை வலியுறுத்த வேண்டும்.

நீலத்திமிங்கலத்தை உயிரோடு பார்க்க விரும்பினால் டிசம்பர் முதல் ஏப்ரலுக்குள் இலங்கையின் தென்கரையில் உள்ள மிரிஸ்ஸவுக்குப் போங்கள். திமிங்கலத்தை விரட்டிக்கொண்டு நெருங்காத படகாகத் தேர்ந்தெடுங்கள்.