முடுக்கியது போதும்: வாட்டர் பிளாக் கேள்வி-பதில்

கே: பழைய வாட்டர் பிளாக் ஒன்று கைவசம் இருக்கிறது. புது மதர்போர்டில் பொருந்துமா?

எந்த பிளாக் (பிராசஸர் சிப்பின் மேல் உட்கார்ந்து, உள்ளே ஓடும் தண்ணீரால் அதைக் குளிர்விக்கும் கட்டி), எந்த சாக்கெட் (போர்டில் சிப் உட்காரும் இடம்) என்று எழுதவில்லை. எனக்கு ஜோசியம் தெரியாது. இன்டெல் டெஸ்க்டாப் போர்டுகளில் எல்ஜிஏ 1156 முதல் 1200 வரையிலான சாக்கெட்டுகளில், பிளாக்கை முடுக்கும் துளைகளுக்கு இடையே 75 மி.மீ.; 1700, 1851 இரண்டிலும் 78. "3 மி.மீ. தானே" என்று பிராக்கெட்டை ராவி நுழைக்காதீர்கள். 1700-இல் சிப்பின் உயரமும் சற்றுக் குறைவு. ஸ்க்ரூ முழுதாக இறங்கினாலும் பிளாக் சரியாக அழுத்தாது. அந்த பிளாக்குக்கென்று விற்கும் 1700 கிட்டை வாங்குங்கள்.

கே: ஏஎம்டி-யின் ஏஎம்5 சாக்கெட் போர்டில் பேக்பிளேட்டை (பின்பக்கத் தகட்டை) கழற்ற முடியவில்லை. நெம்பலாமா?

கூடவே கூடாது. அது சாக்கெட்டையே பிடித்துக்கொண்டிருக்கிறது. மேலே இருக்கும் பிளாஸ்டிக் பிடிகளை மட்டும் கழற்றி, அதே துளைகளில் பிளாக்கைப் பிடிக்கும் மரைத்தண்டுகளை (ஸ்டாண்ட்ஆஃப்) போடுங்கள். ஏஎம்4-இல் கதை வேறு: பிடிகளைக் கழற்றியதும் பேக்பிளேட் பின்பக்கம் விழுந்துவிடும், ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள்.

கே: பேட்டரி ஸ்க்ரூடிரைவரால் நன்றாக முடுக்கினேன். ஆனாலும் 95 டிகிரி வருகிறது. போதாததற்கு ராம் (மெமரி) ஸ்டிக்குகளில் ஒன்று கணினியில் தெரியவில்லை. ராமை மாற்ற வேண்டுமா?

ராமை விடுங்கள், முதலில் அந்த பேட்டரி ஸ்க்ரூடிரைவரைத் தூக்கி உள்ளே வையுங்கள். இறுக்க இறுக்கக் குளிரும் என்ற நம்பிக்கையை யார்தான் கிளப்பிவிட்டார்களோ! சிப்புக்கும் பிளாக்குக்கும் நடுவே வெப்பம் கடத்தப் பூசும் பேஸ்ட் மெல்லிய படலமாகப் பரவும்வரைதான் அழுத்தத்தால் லாபம். அதற்கு மேல் முடுக்கினால் போர்டுதான் வளையும். சாக்கெட்டில் இருக்கும் ஆயிரத்துச் சொச்சம் பின்களும் சிப்பைச் சமமாகத் தொட வேண்டும். ஒரு மூலை தூக்கிக்கொண்டால் சில பின்கள் விட்டுப்போகும். ராமை இயக்கும் மெமரி கன்ட்ரோலர் இருப்பது சிப்புக்குள்; அதனால்தான் குளிர்விக்கும் சாமானில் செய்த தவறு ராமில் போய்த் தெரிகிறது. சூட்டுக்கும் காரணம் அதுவாகவே இருக்கலாம்: ஒரு ஸ்க்ரூவை முழுக்க இறக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் பிளாக் சாய்ந்து உட்காரும், எதிர்ப்பக்கம் பேஸ்ட் தடிமனாகத் தங்கிவிடும்.

முறை இதுதான். நான்கு ஸ்க்ரூவையும் கையால் இரண்டு மரை பிடிக்கும்வரை மட்டும் சுற்றுங்கள். பிறகு குறுக்காக, அரைச் சுற்று, அரைச் சுற்று. ஸ்பிரிங் ஸ்க்ரூ என்றால் ஒரு கட்டத்தில் தானாக முட்டி நிற்கும். அங்கே நிறுத்துங்கள். மீதி வேலை ஸ்பிரிங்குடையது. முட்டி நிற்காத வகையா? விரல் நுனியால் முடுக்கும் அளவு போதும்.

உங்கள் விஷயத்தில், கணினியை அணைத்து, நான்கையும் குறுக்காகக் கால் சுற்று தளர்த்திப் பாருங்கள். ராம் திரும்பி வந்தால் தப்பித்தீர்கள். வராவிட்டால் பிளாக்கையும் சிப்பையும் எடுத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் பின்களைப் பாருங்கள். விரலால் தொடாமல்.

கே: போட்டு முடித்து ஐந்து நிமிடத்தில் கணினி அணைந்துவிடுகிறது. பிளாக் டூப்ளிகேட்டா?

அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் படலத்தை உரித்தீர்களா? உரித்திருந்தால் பம்ப் ஒயரைப் பாருங்கள். இந்த இரண்டையும் பார்க்காமலே கடிதம் எழுதுபவர்கள்தான் அதிகம்.

கே: பேஸ்ட் எவ்வளவு வைப்பது?

நடுவில் பட்டாணி அளவு. நீள சிப் என்றால் கொஞ்சம் கூட. பிளாக்கை ஒருமுறை தூக்கிவிட்டால் பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். அப்புறம், குறுக்காக முடுக்க மறக்காதீர்கள்.

கே: ஏஎம்4-இல் பிளாக்கைத் தூக்கினால் சிப்பும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

இதில் பின்கள் சிப்பின் அடியில்; அவை வளையாமல் வந்தது உங்கள் நல்ல நேரம். அடுத்த முறை பத்து நிமிடம் ஓடவிட்டு, பேஸ்ட் சூடானதும் அணைத்து, பிளாக்கை இடம் வலமாகத் திருகிவிட்டுத் தூக்குங்கள்.

கே: காப்பர் பிளாக்கோடு அலுமினிய ரேடியேட்டர் சேர்க்கலாமா?

வேண்டாம். அலுமினியம் அரித்துப்போகும்.

கே: குழாயை பிளாக்கோடு இணைக்கும் ஃபிட்டிங்கை ஸ்பேனரால் இறுக்கியும் கசிகிறது.

கசிவைத் தடுப்பது அதிலுள்ள ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங். உங்கள் தோள்வலிமை அல்ல. இங்கேயும் அதே வியாதி! அக்ரிலிக் மூடியாக இருந்தால் விரிசல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஓ-ரிங்கை மாற்றி, கையால் முடுக்கி, கடைசியில் லேசாக ஒரு இழுப்பு. பிறகு போர்டுக்கு கரன்ட் கொடுக்காமல் பம்பை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு ஃபிட்டிங்குக்கு அடியிலும் டிஷ்யூ வைத்து, ஒரு ராத்திரி பாருங்கள்.