நகை அடகில் இருக்கும்போது ஸ்பா ஹோட்டலுக்குப் போகலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். நாங்கள் மடிப்பாக்கத்தில் இருக்கிறோம். நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போகிறோம், பிடித்தமெல்லாம் போக மாதம் 1,15,000 கைக்கு வருகிறது. வீட்டுக் கடன் இ.எம்.ஐ. 38,000. பையன் இரண்டாம் வகுப்பு, மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். இந்த வருடம் கல்யாணமாகி 10 வருடம் முடிகிறது. செட்டிநாட்டுப் பக்கம் ஒரு பழைய நாட்டுக்கோட்டை வீட்டை ஸ்பா, ஃபைன் டைனிங் எல்லாம் வைத்து ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். அங்கே இரண்டு ராத்திரி தங்க ரொம்ப நாள் ஆசை. காலை டிபனோடு அறை ஒரு நாளைக்கு 16,000. எல்லாம் சேர்த்து 45,000 ஆகும் என்று நினைக்கிறேன். போனஸ் 1,10,000 வந்திருக்கிறது. ஆனால் வங்கியில் 1,50,000-க்கு நகைக்கடனும் இருக்கிறது, வட்டி 9.5%. போனஸை நகைக்கடனில் கட்டிவிட்டு, ஹோட்டல் செலவை கிரெடிட் கார்டில் போட்டு 12 மாத இ.எம்.ஐ. ஆக்கிக்கொள்ளலாம் என்கிறார் வீட்டுக்காரர். தண்டச் செலவு, அந்தக் காசுக்குத் தங்கம் வாங்கு என்கிறார் மாமியார். என்ன செய்யட்டும்?

பதில்: போய்விட்டு வாருங்கள். ஆனால் 45,000 என்ற உங்கள் கணக்கும் தப்பு, வீட்டுக்காரரின் இ.எம்.ஐ. யோசனையும் தப்பு. மாமியார் சொல்வதில் பாதி சரி.

அதற்கு முன்னால் ஒன்று. கையிருப்பு எவ்வளவு என்று நீங்கள் எழுதவே இல்லை. போனஸைத் தவிர, மூன்று மாத வீட்டுச் செலவுக்கும் இ.எம்.ஐ.க்கும் எஃப்.டி.யிலோ சேமிப்புக் கணக்கிலோ பணம் இருக்கிறது என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். இல்லையென்றால் இதற்கு மேல் படிக்கவேண்டாம், 11-வது கல்யாண நாளுக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, பில்லுக்கு வருவோம். அறை 16,000 வீதம் இரண்டு ராத்திரிக்கு 32,000. ஒரு நாள் வாடகை 7,500-ஐத் தாண்டினால் ஜி.எஸ்.டி. 18%, ஆக 37,760. அடுத்தது சாப்பாடு, எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான். டிபன் மட்டும் சேர்ந்த வாடகையை ஹோட்டல்காரர்கள் சி.பி. என்பார்கள், அதாவது இரண்டு மதியமும் இரண்டு ராத்திரியும் உங்கள் கைக்காசு. ஒரு ராத்திரி அவர்களுடைய ஸ்பெஷல் ஃபைன் டைனிங் தலைக்கு 4,500, மற்ற மூன்று வேளை தலைக்கு 2,000 என்று வைத்தாலே இரண்டு பேருக்கு 21,000. அறை வாடகை 7,500-க்கு மேல் போகிற ஹோட்டல் என்பதால் அதன் ரெஸ்டாரண்டிலும் 18% வரி (வெளியே சாதாரண ஹோட்டலில் அதே சாப்பாட்டுக்கு 5% தான்), ஆக 24,780. மசாஜ் இரண்டு பேருக்கு 8,000. ஸ்பாவுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரியை 18-இல் இருந்து 5% ஆகக் குறைத்துவிட்டார்கள், அதனால் 8,400. சொந்தக் காரில் போனால் சென்னையிலிருந்து போகவர 800 கிலோமீட்டருக்கு மேல், பெட்ரோலும் டோலும் 8,000 பிடிக்கும். கூட்டினால் 78,940. டிப்ஸ், ஆத்தங்குடி தரைக்கல் செய்கிற இடத்தைப் பார்க்கப் போன ஆட்டோ, வழியில் காபி இதெல்லாம் இன்னும் சேரவில்லை.

கூட, மேசையில் இருக்கிற தண்ணீர். மலைப்பக்கம் ஒரு ரிசார்ட்டில் நானும் ஏமாந்திருக்கிறேன். அறையில் அழகான கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் வைத்திருந்தார்கள், சும்மா தருகிறார்கள் போல என்று மூன்று பாட்டில் குடித்துத் தீர்த்தேன். கிளம்புகிற காலையில் பில்லைப் பார்த்தால் தண்ணீருக்கு மட்டும் 750 ரூபாய். ஊருக்கெல்லாம் பட்ஜெட் போட்டுக் கொடுக்கிறவள் நான்! எதைத் திறப்பதற்கு முன்னாலும் "இது அறை வாடகையில் சேர்ந்ததா" என்று கேட்டுவிடுங்கள், கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

இப்போது வீட்டுக்காரரின் யோசனை. கேட்க கெட்டிக்காரத்தனமாகத்தான் இருக்கிறது, கடனை அடைத்த மாதிரியும் ஆச்சு, ஊருக்குப் போன மாதிரியும் ஆச்சு. ஆனால் 80,000 ரூபாயை 15% வட்டியில் 12 மாத கார்டு இ.எம்.ஐ. ஆக மாற்றினால் மாதம் சுமார் 7,220 கட்டவேண்டும், வருடக் கடைசியில் வட்டி மட்டும் 6,650 போயிருக்கும், அந்த வட்டிக்கு மேல் 18% ஜி.எஸ்.டி., பிராசஸிங் கட்டணம் 1% என்றால் அது, அதற்கும் ஜி.எஸ்.டி., எல்லாம் சேர்ந்து 8,800 பக்கம் வரும். அதாவது மசாஜுக்கு இரண்டாவது முறை காசு கொடுக்கிறீர்கள், மசாஜ் இல்லாமல். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதை வைத்துப் பார்த்தால் இது வருடத்துக்குக் கிட்டத்தட்ட 20% வட்டிக்குச் சமம். 9.5% கடனை அடைக்க 20% கடன் வாங்குவதா? அதற்கு ஹோட்டல் செலவை போனஸிலிருந்தே கொடுத்துவிட்டு நகைக்கடனை அப்படியே விட்டுவைப்பதுகூட மேல். இ.எம்.ஐ.யாக மாற்றாமல் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு போவது இதைவிட மோசம், பல கார்டுகளில் மாதம் 3.5%, வருடத்துக்கு 42%. கார்டைத் தேய்ப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை, கெடு தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டுகிறவர் பாயிண்டுக்காகத் தாராளமாகத் தேய்க்கலாம்.

மாமியார் விஷயம். தங்கம் வாங்கு என்கிறார். புதிதாக வாங்கினால் செய்கூலி, சேதாரம், மேலே 3% ஜி.எஸ்.டி. உங்கள் நகை ஏற்கெனவே வங்கி லாக்கரில் அடகாகக் கிடக்கிறது. அதை மீட்பதுதான் உங்களுக்கு இப்போதைக்குத் தங்கம் வாங்குவது, செய்கூலியும் இல்லை சேதாரமும் இல்லை. அப்படிச் சொன்னால் அவரும் ஒத்துக்கொள்வார். அந்த இரண்டு நாள் பையனைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரும் அவர்தானே, நல்லபடியாகப் பேசுங்கள். பையனையும் கூட்டிப்போனால் கூடுதல் படுக்கைக்குத் தனிக் காசு, அந்த வயதுப் பிள்ளைக்கு ஃபைன் டைனிங்கில் தயிர்சாதம் தேடி அலையவேண்டும்.

என் கணக்கு இது. போனஸில் 60,000-ஐ நாளைக்கே வங்கிக்குப் போய் நகைக்கடனில் பகுதித் தொகையாகக் கட்டுங்கள், வருடத்துக்கு 5,700 வட்டி மிச்சம். மீதி 50,000-க்குள் பயணம். எப்படி முடியும் என்றால், கல்யாண நாளன்றே போகவேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டு, வாரநாளில் அந்த ஹோட்டலில் ஒரே ஒரு ராத்திரி. ஹோட்டலுக்கு நேராகப் போன் போட்டு, திங்கள், செவ்வாய்க்கு என்ன ரேட் தருவீர்கள் என்று கேளுங்கள். 16,000 சொல்கிற அறையை 12,500-க்கு இறக்கினால் வரியோடு 14,750. அந்த ஸ்பெஷல் ராத்திரிச் சாப்பாடும் ஒரு மதியச் சாப்பாடும் வரியோடு 15,340. மசாஜ் 8,400, அதைக் குறைக்கச் சொல்லமாட்டேன், போவதே அதற்குத்தானே. இரண்டாவது ராத்திரி காரைக்குடி டவுனில் சுத்தமான ஒரு லாட்ஜ், 2,500-உம் 5% வரியும், மூன்று வேளையும் மெஸ் சாப்பாடு. மெஸ் சாப்பாட்டைச் சேர்க்காமல், கார் செலவோடு 49,115 ஆகிறது. மெஸ்ஸுக்கும் டிப்ஸுக்கும் மிஞ்சுவது போதாதே என்றால் காரை விட்டுவிடுங்கள். பல்லவன் எக்ஸ்பிரஸ் காரைக்குடி வரைக்கும் போகிறது, அங்கே வாடகை வண்டி வைத்தால்கூட கணிசமாக மிஞ்சும். என் கட்சி என்னவென்றால், இந்த மாதிரி இடங்களில் முதல் நாள்தான் முற்றமும் பர்மா தேக்குத் தூணும் பார்த்து வாய் பிளப்போம், இரண்டாம் நாள் மதியம் ஆளுக்கொரு போனோடு அறையில் படுத்திருப்போம். வெள்ளைப் பணியாரம் மெஸ்ஸிலும் வெள்ளையாகத்தான் இருக்கும்.

வேறு இடம் பார்ப்பதாக இருந்தால் அந்த 7,500 கோட்டைக் கவனியுங்கள். 7,400 ரூபாய் அறைக்கு வரி 5%, மொத்தம் 7,770. 7,600 ரூபாய் அறைக்கு 18%, மொத்தம் 8,968. வாடகையில் வித்தியாசம் 200 ரூபாய், கையை விட்டுப் போவது 1,198. பேரம் பேசி 7,500-க்குள் கொண்டுவந்துவிட்டால் வாங்குகிற தொகைக்குத்தான் வரி, போர்டில் எழுதியிருக்கிற தொகைக்கு இல்லை.

அப்புறம் சாப்பாட்டு பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று தானாகவே 10% சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். கேட்காமல் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னதை டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் உறுதி செய்துவிட்டது. மறுத்தால் 1915-க்குப் புகார் செய்யலாம். பரிமாறியவருக்குக் கொடுக்க ஆசைப்பட்டால் கையில் கொடுங்கள். முன்பதிவில் பணம் திரும்பக் கிடைக்காத ரேட்டை மட்டும் எடுக்காதீர்கள், கிளம்புகிற அன்று பையனுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள்?

திரும்பி வரும்போது மாமியாருக்கு ஒரு கண்டாங்கிச் சேலை வாங்கி வாருங்கள். அது அந்த 50,000-இல் சேராது, வீட்டுக்காரர் அவர் சம்பளத்தில் வாங்கட்டும்.