அப்பா கேட்டார் என்று பிள்ளை சிகரெட் வாங்க வந்தால்?

கேள்வி: தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர்கள் பிள்ளைகளிடம் காசு கொடுத்து பீடி, சிகரெட் வாங்கிவரச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? வயது சரியாகத் தெரியாத பையன்கள் வந்தால் என்ன செய்வது?

பதில்: கொடுக்கவே கூடாது. 2003-ஆம் ஆண்டின் புகையிலைப் பொருட்கள் சட்டம் (கோட்பா) 6-வது பிரிவின்படி, 18 வயது நிரம்பாதவருக்கு விற்பது குற்றம். யாருக்காக வாங்குகிறார் என்ற விதிவிலக்கு அதில் இல்லை. அப்பா எழுதிய சீட்டு, போனில் சொன்ன சம்மதம், கடன் நோட்டில் அவர் பெயர், எதுவும் உங்களைக் காப்பாற்றாது.

இதற்கு அபராதம் 200 ரூபாய் வரைதான் என்பதால் பல கடைக்காரர்கள் அசட்டையாக இருக்கிறார்கள். அது ஆபத்து. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 77-வது பிரிவு, குழந்தைக்குப் புகையிலைப் பொருள் கொடுப்பவருக்கும் கொடுக்கச் செய்பவருக்கும் 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. பிள்ளையை அனுப்பும் தகப்பனும் இதில் மாட்டலாம்.

பிள்ளையிடம் வாதாட வேண்டாம். “அப்பாவை வந்து வாங்கிக்கச் சொல்லுப்பா” என்று சொல்லி, மற்ற சாமான்களைக் கொடுத்தனுப்புங்கள். அப்பாவிடம் ஒருமுறை நேரில் சொல்லிவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை தீர்ந்துவிடும். தவறு நடப்பது மாலைக் கூட்டத்தில்தான்: சாமான் சீட்டின் கடைசி வரியில் சிகரெட் இருக்கும், கடைப்பையன் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுவிடுவான். அந்த வரியை அடித்துவிட்டு மீதியைக் கட்டுங்கள்.

வயதில் சந்தேகம் வந்தால் அடையாள அட்டை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வாங்கியவர் சிறுவர் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பும் உங்களுடையதே. மீசையை நம்பாதீர்கள். 25 வயதுக்குக் குறைவாகத் தெரிபவர் எவரிடமும் அட்டை கேட்பது பிரிட்டன் கடைகளில் உள்ள வழக்கம். இங்கும் அதைப் பின்பற்றலாம். ஓட்டுநர் உரிமம் இருந்தாலே போதும் என்று எண்ண வேண்டாம். கியர் இல்லாத சிறு வண்டிக்கு 16 வயதிலேயே உரிமம் கிடைக்கும். பிறந்த தேதியைப் பாருங்கள். கணக்குப் போடத் தடுமாறாமல் இருக்க, இன்றைய தேதியில் ஆண்டிலிருந்து மட்டும் 18-ஐக் கழித்து, தினமும் கல்லாவில் எழுதி வையுங்கள். 2026 ஜூன் 10 என்றால் 2008 ஜூன் 10. அதற்குப் பிந்தைய தேதியில் பிறந்தவருக்குக் கொடுக்கக் கூடாது. சில ஆதார் அட்டைகளில் ஆண்டு மட்டும் இருக்கும். அப்போது 2008-ஐ ஏற்காமல் 2007-உம் அதற்கு முந்தையதும் இருந்தால் மட்டும் கொடுங்கள்.

பள்ளி விட்டு வந்த உங்கள் மகனைக் கல்லாவில் உட்கார வைக்கிறீர்களா? 18 நிரம்பாதவர் புகையிலைப் பொருளைக் கையாள்வதும் விற்பதும் கூடாது. சிகரெட் பெட்டிகள் மிட்டாய் பாட்டில்களின் பக்கத்தில், பிள்ளைகள் கைக்கு எட்டும்படி இருக்கவும் கூடாது. ‘18 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருட்களை விற்பது தண்டனைக்குரிய குற்றம்’ என்ற பலகை தமிழில், குறைந்தது 60-க்கு 30 சென்டிமீட்டர் அளவில், கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்பே ஒன்றைச் சரிபாருங்கள். பள்ளி, கல்லூரியிலிருந்து 100 கஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், எந்த வயதினருக்கும் விற்க முடியாது. பலர் பள்ளி வாசலிலிருந்து சாலை வழியே அளக்கிறார்கள். சுற்றுச்சுவரின் வெளி விளிம்பிலிருந்து நேர்கோட்டில் அளக்க வேண்டும். நடந்து போனால் 300 மீட்டர் வரும் பின்தெருக் கடைகூட அந்த எல்லைக்குள் விழலாம்.