சொல்வதை எழுத ஆள் தேடும் ஒரு தபால்

வணக்கம் சார்,

நான் மதுரையில் விஷுவல் கம்யூனிகேஷன் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கல்லூரித் தேர்வுகளில் ஸ்கிரைப் (அவர்கள் சொல்லும் விடையை எழுதிக்கொடுப்பவர்) ஏற்பாடு செய்து தரும் ஒரு சின்ன அறக்கட்டளைக்கு டிசைன் வேலைகள் செய்து கொடுக்கிறேன். ஒவ்வொரு செமஸ்டரிலும் ஆள் போதவில்லை. அதனால் சுற்றுவட்டக் கல்லூரிகளுக்குத் தபாலில் ஒரு கிட் அனுப்பித் தன்னார்வலர்களைச் சேர்க்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. அட்டைப்பெட்டிக்குள் டிஷர்ட், பேட்ஜ், பேனா, எட்டுப் பக்க வண்ணக் கையேடு. கையேட்டின் அட்டையில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு மாணவியின் படம், கீழே 'இவளுக்கு ஒளியாக வாருங்கள்' என்ற வரி. என் நண்பர்களோ, இந்தக் காலத்தில் தபாலை யார் பிரிக்கிறார்கள், ஒரு ரீல் போட்டால் போதும் என்கிறார்கள். நீங்கள் ஸ்கிரைபாகப் போயிருப்பதாக முன்பு எழுதியிருந்தீர்கள். இந்தக் கிட்டில் எதை வைக்கலாம், எதை விடலாம்?

வி., மதுரை

அன்புள்ள வி.,

தபாலிலேயே அனுப்புங்கள். மாணவர்கள் தபாலைப் பிரிப்பதில்லை என்பது சரிதான். ஆனால் இது கல்லூரிக்குப் போகிற தபால். அங்கே ஒரு காரியம் நகர வேண்டுமானால் யாராவது ஒரு பேராசிரியரின் மேஜையில் ஒரு காகிதம் இருக்க வேண்டும். அவர் அதை எடுத்துக்கொண்டு முதல்வரிடம் போக வேண்டும், பிறகு வகுப்பில் காட்ட வேண்டும். முகவரியில் 'முதல்வர்' என்று மட்டும் போட்டால் மற்ற சுற்றறிக்கைகளோடு கோப்புக்குள் போய்விடும். 'திட்ட அலுவலர், நாட்டு நலப்பணித் திட்டம்' என்று எழுதுங்கள். 1969-இல், காந்தி நூற்றாண்டில், தொடங்கிய என்.எஸ்.எஸ். திட்டம் அது. ஒரு மாணவத் தன்னார்வலர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகள் பணி செய்ய வேண்டும் என்பது அதன் கணக்கு. மரம் நடுவது, வளாகத்தைச் சுத்தம் செய்வது தவிர வேறு என்ன வேலை கொடுக்கலாம் என்று தேடுகிற திட்ட அலுவலர்கள் உண்டு. அவர்களுக்கு உங்கள் கவர் ஒரு உதவியாகவே போய்ச் சேரும்.

டிஷர்ட்டும் பேட்ஜும் பேனாவும் வேண்டாம். இன்னும் வேலையே செய்யாதவருக்கு எதற்குச் சீருடை? டிஷர்ட்டை வைத்ததுமே அது கடிதம் என்ற நிலையைத் தாண்டிப் பார்சல் ஆகிவிடுகிறது. கடிதக் கட்டணத்தில் முதல் படி 20 கிராம் வரை. 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாளில் ஏ4 ஒன்று சுமார் 5 கிராம். அதை மூன்றாக மடித்துப் போடுகிற நீளக் கவரும் ஏறத்தாழ அதே எடை. 250 ஜிஎஸ்எம்மில் அஞ்சலட்டை அளவுக்கு ஒரு அட்டை 3 கிராம். ஆக இரண்டு தாள், ஒரு அட்டை, கவர் எல்லாம் சேர்ந்து 18 கிராம். இந்த எல்லைக்குள் டிசைன் செய்யுங்கள். மிஞ்சுகிற பணத்தைத் தன்னார்வலரின் பஸ் செலவுக்கு வைக்கச் சொல்லுங்கள். (மாணவிகளுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் 2021 முதல் கட்டணம் இல்லை. ஆனால் வெளியூரிலிருந்து காலை எட்டு மணிக்குள் வந்து சேர வேண்டிய பையனுக்கு அது ஒரு செலவுதான்.)

அந்தப் படத்தையும் வரியையும் எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் நோக்கத்தில் குறை எதுவும் இல்லை. ஆனால் இரக்கத்தைக் காட்டி அழைத்தால் இரக்கப்படுகிறவர்கள்தான் வருவார்கள், தேர்வறையில் இரக்கம் ஆபத்து. எழுதிக்கொடுக்கப் போகிறவர் 'பாவம், இது தப்பாச்சே' என்று ஒரு விடையைத் திருத்தினால் அது முறைகேடு. தண்டனை தேர்வருக்கு. அந்த அறையில் தேர்வு எழுதுகிறவர் அந்த மாணவி. படித்ததும், நினைவில் வைத்திருப்பதும், எந்தக் கேள்வியை முதலில் எடுப்பது என்று தீர்மானிப்பதும் அவர். கை மட்டும் இன்னொருவருடையது. நான் எழுதிக்கொடுத்தவர்களில் ஒரு பெண், கேள்வித்தாள் கைக்கு வருவதற்கு முன்பே, "அண்ணா, நான் சொல்றதை மட்டும் எழுதுங்க, சொல்லாததை எழுதாதீங்க" என்றார். கையேட்டின் எட்டுப் பக்கத்தையும் விட்டுவிட்டு அந்த ஒரு வரியை அச்சிட்டாலே போதும் என்று நினைக்கிறேன்.

சரி, அந்த 18 கிராமுக்குள் என்ன வைப்பது? வேலையையே வையுங்கள். அறக்கட்டளைகளின் அழைப்புகளில் சேவையின் பெருமை நிறைய இருக்கும். என்ன வேலை, எந்த நாள், எத்தனை மணி நேரம் என்பது இருக்காது. படிக்கிற மாணவர் நல்ல விஷயம் என்று ஒப்புக்கொண்டு நகர்ந்துவிடுவார். அதற்குப் பதிலாக ஒரு தாளை ஒத்திகையாகவே ஆக்கிவிடுங்கள். மேலே ஒரு வரலாற்றுக் கேள்வி, பக்கத்தில் ஒரு க்யூஆர் குறியீடு, கீழே கோடு போட்ட இடம். குறியீட்டை ஸ்கேன் செய்தால் உங்கள் அறக்கட்டளை மாணவர் ஒருவர் மூன்று நிமிடம் விடை சொல்லும் ஒலிப்பதிவு ஓட வேண்டும். சொல்லும் வேகம் நிஜத் தேர்வில் இருப்பது போலவே இருக்கட்டும். நடுவில் 'அந்தக் கடைசி வரியை அடிச்சிடுங்க', 'முதல் பத்தியை ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க' என்றெல்லாம் வரட்டும்.

அதில் வேண்டுமென்றே ஒரு பிழையும் வரட்டும். வேலூர்ப் புரட்சி 1857-இல் நடந்தது என்று அந்தக் குரல் சொல்லட்டும். அது 1806 என்பது பள்ளியில் படித்த யாருக்கும் நினைவிருக்கும், கை தானாகத் திருத்தப் பார்க்கும். தாளைத் திருப்பினால் பின்பக்கத்தில்: '1857 என்றே எழுதினீர்களா? அப்படியானால் நீங்கள் இந்த வேலைக்கு வரலாம். 1806 என்று திருத்தினீர்களா? தேர்வறையில் அது கூடாது. ஏன் என்று சொல்கிறோம், பயிற்சிக்கு வாருங்கள்.' மூன்று நிமிடம் எழுதிப் பார்த்தவருக்குக் கை எப்படி வலிக்கும், எத்தனை முறை சொல்லை விட்டுவிடுவோம், என்ன பொறுப்பு இது என்பதெல்லாம் தெரிந்துவிடும். விளக்கமே தேவைப்படாது. சிலர் இது நமக்கு ஒத்துவராது என்று அப்போதே விலகுவார்கள். நல்லதுதான். தேர்வன்று காலை வராமல் போகிற ஒருவரால் ஒரு மாணவரின் தாளே போய்விடுகிறது.

இந்தத் தாளைக் கறுப்பு வெள்ளையில் மட்டும் செய்யுங்கள். பின்னணி நிறம், பெரிய கரும்பட்டை எதுவும் இருக்கக் கூடாது. கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் நகல் எடுத்தாலும் குறியீடு வேலை செய்ய வேண்டும். ஒரு கவரில் இந்த ஒத்திகைத் தாள் ஒன்றுதான் போகிறது, வகுப்புக்குப் போகப்போவது அதன் நகல்கள்.

இரண்டாவது தாள் திட்ட அலுவலருக்கான கடிதம். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். விதிகள் அதில் தெளிவாக இருக்கட்டும். மத்திய அரசின் வழிகாட்டுதல்களின்படி தேர்வு நேரத்தின் ஒவ்வொரு மணிக்கும் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும், அதாவது மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரம் ஆகும். ஸ்கிரைப் பொருத்தமானவரா என்று பார்க்கத் தேர்வர் இரண்டு நாள் முன்பே அவரைச் சந்திக்கவும் 2018 வழிகாட்டுதல் இடம் தந்தது. எனவே நீங்கள் கேட்பது இரண்டு நாள். அதை மறைக்காமல் எழுதுங்கள். தேர்வர் தானே அழைத்து வரும் ஸ்கிரைபின் கல்வித் தகுதி தேர்வரைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. பட்டப்படிப்பு மாணவருக்கு எழுத, பிளஸ் டூ முடித்து இப்போதுதான் கல்லூரியில் சேர்ந்தவரே பொருந்துவார். ஆகவே முதலாண்டு வகுப்புகளில் காட்டும்படி கடிதத்தில் குறிப்பாகக் கேளுங்கள். விதிகள் அவ்வப்போது மாறும், பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் நடைமுறையும் வேறுபடும். அச்சுக்குப் போகும் முன் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

அட்டையில் தேதிகள். உங்களுக்கு ஆள் போதாமல் போவதற்கு முக்கியக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்: நவம்பரிலும் ஏப்ரலிலும் உங்கள் மாணவர்களுக்குத் தேர்வு நடக்கும்போது தன்னார்வலருக்கும் தேர்வு. 'எப்போது வர முடியும்' என்று பொதுவாகக் கேட்டால் எப்போது வேண்டுமானாலும் என்பார்கள், யாரும் வர மாட்டார்கள். உத்தேச நாள்களை முற்பகல், பிற்பகல் என்று கட்டம் போட்டு, தங்களுக்குத் தேர்வில்லாத கட்டங்களை டிக் செய்யச் சொல்லுங்கள். பொறியியல், பாலிடெக்னிக், செவிலியர் கல்லூரிகளின் கால அட்டவணை பெரும்பாலும் வேறாக இருக்கும், அவற்றையும் பட்டியலில் சேருங்கள்.

பதில் வாட்ஸ்அப்பில் வரட்டும். அட்டையைப் படம் எடுத்து அனுப்பினால் போதும். திறந்த அஞ்சலட்டையில் ஒரு மாணவியைத் தன் பெயரையும் கைபேசி எண்ணையும் எழுதச் சொல்லாதீர்கள். இன்னொன்று, முதலாண்டில் 17 வயதுக்காரர்களும் இருப்பார்கள். 18 வயதுக்குக் குறைந்தவரின் விவரங்களைச் சேர்க்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும், எங்கே போகிறாள், எத்தனை மணிக்குத் திரும்புவாள், யாரைக் கூப்பிட்டுக் கேட்பது என்பது வீட்டில் தெரிந்தால்தான் அனுப்புவார்கள். அட்டையின் பின்பக்கம் அம்மா அப்பாவுக்காக இதை எழுதுங்கள்.

கவர் மேல் 'உள்ளே தேர்வுத்தாள்' என்று எழுதும் ஆசை வரலாம். வேண்டாம், அலுவலகத்தில் ரகசிய ஆவணம் என்று நினைத்துப் பூட்டி வைத்துவிடுவார்கள். 'நவம்பர் தேர்வுகள்: சொல்வதை எழுத மாணவர்கள் தேவை' என்று பெரிய எழுத்தில் இருந்தால் போதும்.

அழகுக்காகப் பிரெயில் புள்ளிகளை மையில் அச்சிடுவதையும் தவிர்த்துவிடுங்கள். தட்டையான புள்ளியை விரலால் படிக்க முடியாது, யாருக்காக வேலை செய்கிறோமோ அவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை. உண்மையான மேடுப் புள்ளிகளோ தபாலில் மடிந்து, முத்திரைக்கு அடியில் நசுங்கிப் போகும். அதைவிட, குறியீடு இருக்கும் ஓரத்தில் அரைவட்டமாக ஒரு வெட்டு வையுங்கள். பார்வை இல்லாதவர் விரலால் அந்த இடத்தைக் கண்டுபிடித்துக் கைபேசியைக் காட்டிக்கொள்ளலாம். கல்லூரிகளில் பார்வை மாற்றுத்திறனாளிப் பேராசிரியர்களும் இருக்கிறார்கள், உங்கள் கவரை அவர்களே பிரிக்கலாம்.

மாதிரி தயாரானதும் உங்கள் வீட்டு முகவரிக்கே ஒன்றைத் தபாலில் போட்டு, எப்படி வந்து சேருகிறது என்று பாருங்கள். அப்புறம் அறக்கட்டளை மாணவர்கள் நாலைந்து பேரை உட்காரவைத்து, கடிதத்தையும் தாளையும் முழுக்க வாசித்துக் காட்டுங்கள். அவர்களுக்குப் பிடிக்காத வரி ஒன்றுகூட அச்சுக்குப் போகக் கூடாது. முதலாண்டு வகுப்புகள் தொடங்கி ஓரளவு நிலைபெறும் ஆகஸ்டில் கவர்கள் போய்ச் சேர்ந்தால் நவம்பருக்குள் பயிற்சி கொடுக்க நேரம் இருக்கும். ஒலிப்பதிவுக்கான கேள்வியும் விடையும் தயாரிக்க ஆள் வேண்டுமென்றால் எழுதுங்கள், நான் செய்து தருகிறேன்.

அன்புடன்.